கல்கத்தாவில் பிறந்த நிதி இலாகா

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ரயில்வே குமாஸ்தாவும் சங்க அமைப்பாளருமான தோழர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று எனக்குத் தரப்பட்ட தலைப்பு, மத்திய நிதி அமைச்சகத்தின் வரலாறும் அமைப்பும். இந்தத் தலைப்பை அறிவித்தால் பாதிப் பேர் டீக்கடைக்குப் போய்விடுவார்கள் என்று செயலாளர் பயந்தார். நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கே முதல் நன்றி.

நான் பொருளாதாரம் படித்தவன் அல்ல. மெட்ரிக் முடித்து ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்தவன். சம்பள பில் போடுவது என் வேலை. பில் போடுகிறவனுக்கு ஒரு விஷயம் தெரிந்துவிடும். மேஜைக்கு வரும் உத்தரவு எந்த இலாகாவில் பிறந்தது, யார் கையெழுத்தில் வந்தது என்று அவன் பார்த்தே ஆகவேண்டும். அந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

நம் வீடுகளில் மாதாமாதம் சில கேள்விகள் எழுகின்றன. பஞ்சப்படி ஏறுமா, ஏறாதா? தபாலாபீஸில் போட்ட பணத்துக்கு வட்டி ஏன் குறைந்தது? அரிசி மூட்டைக்கு வரி போட்டது யார்? ஊருக்குப் போக இன்னொரு ரயில் ஏன் விடக்கூடாது? இந்தக் கேள்விகளை நாம் கவுன்சிலரிடம் கேட்கிறோம், மளிகைக்கடைக்காரரிடம் கேட்கிறோம், சில சமயம் ஆண்டவனிடமும் கேட்கிறோம். கேட்கவேண்டிய இடத்தில் மட்டும் கேட்பதில்லை. அந்த இடம் எது, அது எப்படி உண்டாயிற்று, அதற்குள் எத்தனை கதவுகள் இருக்கின்றன என்று சொல்வதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

கடனில் பிறந்த குழந்தை

தோழர்களே, இந்தியாவின் முதல் பட்ஜெட் டெல்லியில் படிக்கப்படவில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் இதே கல்கத்தாவில்தான் படிக்கப்பட்டது. வருஷம் 1860.

1857இல் சிப்பாய்கள் எழுந்தார்கள். அந்த எழுச்சியை அடக்க வெள்ளையர் அரசு கணக்கில்லாமல் செலவழித்தது. 1858இல் கம்பெனி ஆட்சி போய் இங்கிலாந்து ராணியின் ஆட்சி வந்தபோது கஜானா காலி, கடன் மலை. அந்தக் கடனைச் சரிக்கட்ட லண்டனிலிருந்து ஒருவரை அனுப்பினார்கள். அவர் பெயர் ஜேம்ஸ் வில்சன். ஸ்காட்லாந்தில் பிறந்து தொப்பி வியாபாரம் செய்தவர். 1843இல் 'எகனாமிஸ்ட்' பத்திரிகையைத் தொடங்கியவர். சார்ட்டர்டு பாங்கு என்று இந்த ஊரில் பெயர்பெற்ற பாங்கை நிறுவியவரும் அவரே. வைஸ்ராய் கவுன்சிலில் முதல் நிதி உறுப்பினராக அவர் வந்து சேர்ந்தார். இன்று நாம் நிதி மந்திரி என்று சொல்லும் பதவியின் வேர் அதுதான்.

வந்தவர் என்ன செய்தார்? இந்தியாவில் முதன்முதலாக வருமான வரி போட்டார். வருஷத்துக்கு 200 ரூபாய்க்கு மேல் வருமானம் இருந்தால் 2 சதவீதம், 500 ரூபாயைத் தாண்டினால் 4 சதவீதம். நாடு முழுவதற்கும் அரசாங்கக் காகித நோட்டு வேண்டும் என்று திட்டம் போட்டதும் அவர்தான். அது 1861இல் சட்டமாயிற்று. அதைப் பார்க்க அவர் இல்லை. 1860 ஆகஸ்டில் வயிற்றுக்கடுப்பு கண்டு இங்கேயே இறந்தார். மல்லிக் பஜார் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் அவரைப் புதைத்தார்கள். அந்த வழியாகப் பஸ்ஸில் தினம் போகிற நம்மில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இந்த இலாகாவின் பிறப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிக்கூடம் கட்டவோ குளம் வெட்டவோ இது பிறக்கவில்லை. பட்டாளத்துச் செலவில் உண்டான கடனை மக்களிடமிருந்து வசூலிக்கப் பிறந்தது. பிறவிக்குணம் லேசில் போகாது என்பார்கள்.

சென்னையிலிருந்து வந்த முதல் எதிர்ப்பு

இந்த வரிக்கு முதல் பெரிய எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? நம் சென்னையிலிருந்து. எதிர்த்தவர் மக்கள் தலைவர் அல்ல, சென்னை மாகாண கவர்னர் சார்லஸ் டிரெவெல்யன். புது வரி வேண்டாம், ராணுவச் செலவைக் குறையுங்கள் என்பது அவர் வாதம். அதைக் கல்கத்தாவுக்கு ரகசியக் கடிதமாக எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தன் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளிவரச் செய்துவிட்டார். லண்டனுக்குக் கோபம் வந்தது. 1860இலேயே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

அவர் வரியை எதிர்த்ததைவிட, அரசாங்கத்தின் வரவு செலவைத் தெருவில் போகிற மக்களுக்குத் தெரியும்படி போட்டு உடைத்ததுதான் பெரிய குற்றமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், அதே டிரெவெல்யன் 1863இல் நிதி உறுப்பினராகக் கல்கத்தாவுக்கே வந்தார். 1865இல் வருமான வரி காலாவதியாயிற்று. பின்பு வேறு வேறு உருவத்தில் திரும்பி வந்து, 1886ஆம் வருஷச் சட்டத்தோடு நிலைத்துவிட்டது.

டிரெவெல்யனை நான் தியாகியாக்கவில்லை. அயர்லாந்தில் 1840களில் பெரும் பஞ்சம் வந்தபோது நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவர் என்று அந்த நாட்டு மக்கள் இன்றும் அவர்மீது குறை சொல்கிறார்கள். ஒரு மனிதரே ஒரு கையால் நல்லதும் மறு கையால் கெட்டதும் செய்யலாம். நாம் ஆளைப் பார்க்கவேண்டாம், கணக்கைப் பார்ப்போம்.

ஒரு பவுண்டு தானியம்

கணக்கு என்றதும் உலர்ந்த எண்கள் என்று நினைக்காதீர்கள். 1876 முதல் 1878 வரை நம் தென்னாட்டில் தாது வருஷப் பஞ்சம் வந்ததே, பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அப்போது நிவாரணச் செலவைக் கட்டுப்படுத்த 1877இல் கல்கத்தாவிலிருந்து ஒரு பிரதிநிதியை அனுப்பினார்கள். அவர் ரிச்சர்டு டெம்பிள். 1868 முதல் 1874 வரை நிதி உறுப்பினராக இருந்தவர். நிவாரண வேலையில் கல் உடைக்கும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் போதும் என்றார். ஒரு பவுண்டு என்றால் ஏறக்குறைய 450 கிராம். பகல் முழுவதும் கல் உடைக்கிறவன் அதைத் தின்று எப்படி உயிரோடு இருப்பான்? சென்னை மாகாண சுகாதார அதிகாரி டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்து எழுதினார். பிறகுதான் அளவு கூட்டப்பட்டது. அதற்குள் போன உயிர்கள் திரும்பவில்லை.

அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். பிழைத்தவர்களில் பலர் இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பல் ஏறினார்கள். பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் போன தமிழர் கதையில் நிதிக்கணக்கு எழுதிய ஒரு அத்தியாயமும் உண்டு. மேஜையில் ஒருவர் ஒரு எண்ணை வெட்டினால், ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு அடுப்பு அணைகிறது. அதற்காகத்தான் இந்தக் கதையை இங்கே சொல்கிறேன்.

டெல்லிக்குப் போன பெட்டி

1911 டிசம்பரில் தலைநகரம் டெல்லிக்கு மாறும் என்று அறிவித்தார்கள். அடுத்த வருஷம் இலாகாக்கள் மூட்டை கட்டின. நிதி இலாகாவும் போயிற்று. ஆனாலும் பணத்தின் தடம் கல்கத்தாவை விட்டு முழுக்கப் போகவில்லை. டல்ஹௌசி சதுக்கத்தில் கரன்சி பில்டிங் என்று பழைய கட்டிடம் இருக்கிறது. 1833இல் கட்டியது. 1868 முதல் நோட்டு கொடுக்கும் ஆபீஸ் அங்கே இருந்தது. 1935 ஏப்ரல் 1ஆம் தேதி ரிசர்வ் பாங்கு ஆரம்பித்தபோது அதன் தலைமை அலுவலகம் கல்கத்தாவில்தான் இருந்தது. 1937இல் பம்பாய்க்குப் போயிற்று. அலிப்பூர் நாணயசாலை 1952இல் திறக்கப்பட்டது. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் சில்லறையில் ஒரு பகுதி நம் ஊர்த் தொழிலாளியின் கைபட்டு வந்ததுதான். நாணயசாலைகளை நடத்தும் அரசு நிறுவனமும் நிதி அமைச்சகத்தின் கீழே வருகிறது.

சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டை 1947 நவம்பர் 26ஆம் தேதி படித்தவர் கோயம்புத்தூர்க்காரர் ஆர். கே. சண்முகம் செட்டியார். ஏழரை மாதத்துக்கான பட்ஜெட் அது. வரவு 171 கோடியே 15 லட்சம் ரூபாய் என்றும், செலவு 197 கோடியே 39 லட்சம் என்றும் மதிப்பிட்டார்கள். செலவில் 92 கோடியே 74 லட்சம் ராணுவத்துக்கு. நாடு இரண்டாகப் பிளந்து, அகதிகள் ஸியால்தா பிளாட்பாரத்தில் குவியத் தொடங்கிய காலம். முதல் பட்ஜெட்டும் துண்டு விழுந்த பட்ஜெட்தான்.

நம்மவர் மந்திரியானால்?

சண்முகம் செட்டியாருக்குப் பிறகு டி. டி. கிருஷ்ணமாச்சாரி, சி. சுப்பிரமணியம், ஆர். வெங்கட்ராமன், ப. சிதம்பரம், 2019இல் பொறுப்பேற்ற நிர்மலா சீதாராமன் என்று தமிழ்நாட்டில் பிறந்தவர்கள் பலர் இந்த நாற்காலியில் அமர்ந்தார்கள். வங்காளத்திலிருந்து சசீந்திர சௌதுரியும் பிரணாப் முகர்ஜியும் வந்தார்கள். நம்மவர் மந்திரி என்று நாம் சந்தோஷப்படுகிறோம். அதில் தப்பில்லை. ஆனால் நாற்காலிக்கு ஊர்ப்பாசம் கிடையாது. சசீந்திர சௌதுரி மந்திரியாக இருந்தபோதுதான் 1966 ஜூன் 6ஆம் தேதி ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. ஒரு டாலருக்கு 4 ரூபாய் 76 காசு என்றிருந்தது 7 ரூபாய் 50 காசு ஆயிற்று. வங்காளி வீட்டு மண்ணெண்ணெய்க்கு அன்று யாரும் தள்ளுபடி தரவில்லை.

முந்த்ரா விவகாரத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1956இல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனிகளை தேசியமயமாக்கி எல்.ஐ.சி. அமைத்தார்கள். அடுத்த வருஷமே, கல்கத்தாவைத் தளமாகக் கொண்ட ஹரிதாஸ் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிப் பங்குகளை எல்.ஐ.சி. சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது. டம்டம்மில் இருந்த ஜெஸ்ஸப் கம்பெனியும் அந்தப் பட்டியலில் உண்டு. பாலிஸிதாரரின் பணம் தடுமாறிய வியாபாரிக்கு முட்டுக்கொடுக்கப் போயிற்று. பார்லிமெண்டில் இதைக் கிளப்பியவர் பிரதமர் நேருவின் சொந்த மருமகன் பெரோஸ் காந்தி. நீதிபதி சாக்ளா பம்பாயில் பகிரங்கமாக விசாரணை நடத்தினார். உள்ளே இடமில்லாதவர்கள் வெளியே ஒலிபெருக்கியில் கேட்டார்கள். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. ராஜினாமா செய்தார்.

1860இல் கணக்கை வெளியே சொன்ன கவர்னர் பதவி இழந்தார். 1958இல் கணக்குக்குப் பதில் சொல்லவேண்டிய மந்திரி பதவி விட்டார். இரண்டுக்கும் நடுவே கிடப்பது நாம் வாங்கிய சுதந்திரம். ஓட்டு என்பதன் பொருள் இதுதான், தோழர்களே.

ஆறு கதவுகள்

இனி அமைப்புக்கு வருவோம். நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறவர்கள் எழுதிக்கொள்ளலாம். நிதி அமைச்சகம் ஒரே வீடு, உள்ளே ஆறு இலாகாக்கள்.

முதலாவது பொருளாதார விவகாரங்கள் இலாகா. பட்ஜெட் தயாராவது இங்கே. அரசாங்கம் கடன் வாங்குவது இங்கே. தபாலாபீஸ் சேமிப்பு, பொது வருங்கால வைப்பு நிதி, செல்வமகள் திட்டம் இவற்றின் வட்டியை 2016 ஏப்ரல் முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிப்பதும் இங்கேதான்.

இரண்டாவது செலவினங்கள் இலாகா. மத்திய அரசு ஊழியர்களின் சம்பளம், பஞ்சப்படி, சம்பளக் கமிஷன் எல்லாம் இதன் பொறுப்பு. மற்ற அமைச்சகம் ஒரு புதிய செலவு செய்யவேண்டுமானால் இவர்கள் பார்த்துத் தலையாட்டவேண்டும். என் மேஜைக்கு வரும் பஞ்சப்படி உத்தரவின் தாய்வீடு இதுதான். ரயில்வே போர்டு அதைத் தன் ஊழியருக்கு எடுத்து அனுப்புகிறது, அவ்வளவே.

மூன்றாவது வருவாய் இலாகா. வசூல் செய்கிற கை. பழைய மத்திய வருவாய் போர்டை 1964இல் இரண்டாகப் பிரித்தார்கள். வருமான வரி போன்ற நேர்முக வரிக்கு ஒரு போர்டு, சுங்கம் முதலான மறைமுக வரிக்கு இன்னொரு போர்டு. 2017 ஜூலை 1ஆம் தேதி வந்த ஜி.எஸ்.டி.யும் இரண்டாவது போர்டின் கீழ்.

நான்காவது நிதிச் சேவைகள் இலாகா. அரசு பாங்குகள், இன்ஷூரன்ஸ், பென்ஷன் நிதி. 2004 ஜனவரி 1ஆம் தேதிக்குப் பிறகு மத்திய அரசு வேலைக்கு வந்த பிள்ளைகளுக்குப் பழைய பென்ஷன் கிடையாது என்று ஆக்கினார்களே, அந்தப் புதிய பென்ஷன் திட்டத்தைக் கண்காணிக்கும் ஆணையம் இந்தக் கதவுக்குள் இருக்கிறது.

ஐந்தாவது முதலீடு மற்றும் பொதுச் சொத்து நிர்வாக இலாகா. பெயர் நீளம், வேலை சுருக்கம். அரசுக் கம்பெனிகளின் பங்கை விற்பது. 1999இல் தனி இலாகாவாகத் தொடங்கிய இதன் பழைய பெயரில் பங்கு விலக்கல் என்ற சொல் வெளிப்படையாக இருந்தது. 2016இல் பெயரை மாற்றினார்கள்.

ஆறாவது பொதுத்துறை நிறுவனங்கள் இலாகா. இது முன்பு கனரகத் தொழில் அமைச்சகத்தில் இருந்தது. 2021இல் இங்கே கொண்டுவந்தார்கள். பொதுத்துறையைப் பராமரிக்கும் இலாகாவும் விற்கும் இலாகாவும் இப்போது ஒரே கூரையின் கீழ். இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சரி, பிராவிடண்ட் பண்டு எங்கே என்று சணல் மில் தோழர்கள் கேட்பீர்கள். தொழிலாளர் வைப்பு நிதி அமைப்பு தொழிலாளர் அமைச்சகத்தின் கீழ் இருக்கிறது. அதன் அறங்காவலர் குழு வட்டியைச் சிபாரிசு செய்யும். ஆனால் நிதி அமைச்சகம் சம்மதித்த பிறகுதான் அந்த வட்டி உங்கள் கணக்கில் ஏறும். நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டார் தேதி குறிப்பது போன்ற ஏற்பாடு.

ரயிலின் தனிக்கணக்கு

இங்கே ரயில்வேக் குடும்பங்கள் அதிகம். கார்டன் ரீச், ஹவுரா, சந்த்ராகாச்சி, கரக்பூர் என்று எங்கும் இருக்கிறோம். ஆகவே நம் இலாகாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1920இல் அமைத்த ஆக்வொர்த் கமிட்டி, ரயில்வே வரவு செலவைப் பொதுக் கணக்கிலிருந்து பிரிக்கவேண்டும் என்றது. பொதுக்கஜானாவின் முடையைப் பொறுத்து ரயிலுக்குப் பணம் வருவதும் நிற்பதுமாக இருந்தால் தண்டவாளம் வளராது என்பது காரணம். 1924இல் பிரித்தார்கள். அதிலிருந்து ரயில்வேக்குத் தனி பட்ஜெட், தனி நாள்.

2016 பிப்ரவரி 25ஆம் தேதி சுரேஷ் பிரபு படித்ததே கடைசி ரயில்வே பட்ஜெட். 2017 பிப்ரவரி 1ஆம் தேதி அருண் ஜேட்லி இரண்டையும் சேர்த்துப் படித்தார். 92 வருஷ வழக்கம் முடிந்தது. இதில் ரயில்வேக்கு ஒரு லாபம் உண்டு, அதை மறைக்கக்கூடாது. பொதுக் கஜானாவுக்கு வருஷாவருஷம் கட்டிவந்த டிவிடெண்டு நின்றது. நஷ்டம் என்ன? முன்பெல்லாம் ரயில்வே பட்ஜெட் அன்று எந்த ஊருக்கு எந்த வண்டி, எந்தப் பாதை இரட்டையாகிறது, கட்டணம் எவ்வளவு என்று நாடே காது கொடுத்துக் கேட்டது. ஊருக்குப் போக இரண்டு மாதம் முன்னாலேயே டிக்கெட்டுக்கு நிற்கும் நமக்கு அது நம் நாள். சென்னை மெயிலுக்கும் கோரமண்டலுக்கும் கூடுதல் பெட்டி கேட்க எம்.பி.க்களுக்கு அன்று ஒரு மேடை இருந்தது. இப்போது அந்தப் பேச்சு பெரிய பட்ஜெட்டின் ஒரு மூலைக்குப் போய்விட்டது. தனி விவாதம் சுருங்கும்போது கேள்வியும் சுருங்குகிறது.

மூன்று உத்தரவுகள்

இந்த அமைச்சகத்தின் பலம் எவ்வளவு, நம் பலம் எவ்வளவு என்பதற்கு மூன்று உதாரணம் தருகிறேன்.

முதல் உதாரணம் 1974. அந்த வருஷம் மே 8ஆம் தேதி ரயில்வே வேலைநிறுத்தம் தொடங்கி மே 27 வரை நடந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் சிறை போனார்கள். அது முறிந்து இரண்டே மாதத்தில் கட்டாய டெபாசிட் வந்தது. கூடுதல் பஞ்சப்படியில் பாதியையும், சம்பள உயர்வு முழுவதையும் கையில் தராமல் அரசாங்கம் பிடித்து வைத்தது. விலைவாசியை அடக்க என்றார்கள். பின்னால் தவணையாகத் திருப்பித் தந்தார்கள். ஆனால் விலை ஏறிய நாளில் சாப்பிடக் கிடைக்காத சோறு தவணையில் திரும்புமா?

இரண்டாம் உதாரணம் 2020. கொரோனா ஊரடங்கில் ஏப்ரல் 23ஆம் தேதி செலவினங்கள் இலாகா ஒரு உத்தரவு போட்டது. 2020 ஜனவரி, ஜூலை, 2021 ஜனவரி ஆகிய மூன்று தவணைப் பஞ்சப்படியும் நிறுத்தம். பஞ்சப்படி 17 சதவீதத்திலேயே நின்றது. 2021 ஜூலையிலிருந்து 28 சதவீதம் ஆக்கினார்கள். நடுவில் போன 18 மாதத்துக்கு அரியர்ஸ் கிடையாது. அந்த நாட்களில் ஆக்ஸிஜன் வண்டி ஓட்டியவனும், வீட்டிலேயே இருந்த பென்ஷன் கிழவியும் ஒன்றுபோல இழந்தார்கள்.

மூன்றாம் உதாரணம் 2021. மார்ச் 31ஆம் தேதி இரவு பொருளாதார விவகாரங்கள் இலாகா சிறுசேமிப்பு வட்டியை வெட்டியது. பொது வருங்கால வைப்பு நிதிக்கு 7.1லிருந்து 6.4 சதவீதம். தபாலாபீஸ் சேமிப்புக் கணக்குக்கு 4லிருந்து 3.5. மறுநாள் காலை விடிந்ததும் அந்த உத்தரவு கவனக்குறைவாக வந்துவிட்டது என்று சொல்லி நிதி மந்திரி வாபஸ் வாங்கினார். அன்றைக்கு ஏப்ரல் 1. நந்திகிராமில் வாக்குப்பதிவு நாள். தபாலாபீஸில் அதிகமாகச் சேமிக்கும் மாநிலங்களில் வங்காளம் முன்வரிசையில் இருக்கிறது. காரணத்தை நான் சொல்லவில்லை. தேதியை மட்டும் சொல்கிறேன். கூட்டிப் பார்ப்பது உங்கள் வேலை.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். சங்கம் முறிந்திருந்தபோதும், மக்கள் வெளியே வரமுடியாதபோதும் வெட்டு விழுந்தது, நிலைத்தது. மக்கள் ஓட்டுச்சாவடி வாசலில் நின்றபோது வெட்டு ஒரே இரவில் மறைந்தது.

அரிசி மூட்டையும் மாநில மந்திரிகளும்

கடைசியாக வரி. லேக் மார்க்கெட் பக்கம் இட்லிக்கடை நடத்தும் சகோதரிகள் கேட்பார்கள், அரிசிக்கு வரி போட்டது டெல்லியா, ரைட்டர்ஸா என்று. இரண்டும் சேர்ந்துதான். ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு ஓட்டு. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு தீர்மானம் நிறைவேற முக்கால் பங்கு ஓட்டு வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லா மாநிலமும் ஒன்றாக நின்றாலும் மத்திய அரசு சம்மதிக்காமல் ஒன்றும் நடக்காது. மத்திய அரசும் மாநிலங்களைச் சேர்க்காமல் ஒன்றும் செய்யமுடியாது.

2022 ஜூலை 18 முதல், பையில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி 25 கிலோ வரை இருந்தால் 5 சதவீதம் வரி என்றார்கள். தமிழ்நாட்டு ஆலைக்காரர்கள் 26 கிலோ மூட்டை போட்டார்கள். மொத்தமாக மூட்டை வாங்க முடிந்தவனுக்கு வரியில்லை. வாரக்கூலியில் 5 கிலோ பை வாங்குகிறவளுக்கு வரி. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான், ஆனால் கை நீளம் ஒன்றல்ல.

மத்திய வரியில் மாநிலத்துக்கு எவ்வளவு என்பதை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நிதிக் கமிஷன் சொல்கிறது. 1951இல் அமைந்த முதல் கமிஷனின் தலைவர் வங்காளத்துக் க்ஷிதீஷ் சந்திர நியோகி. 2021 முதல் 2026 வரைக்கு 41 சதவீதம் என்றது பதினைந்தாவது கமிஷன். ஆனால் செஸ், சர்சார்ஜ் என்று பெயர் வைத்து வசூலித்தால் அதில் மாநிலத்துக்குப் பங்கு கொடுக்கவேண்டியதில்லை. இந்த விஷயத்தில் சென்னையும் கல்கத்தாவும் பழைய கூட்டாளிகள். 1969இல் தமிழ்நாடு ராஜமன்னார் குழுவை அமைத்தது. 1977இல் மேற்கு வங்க அரசு மத்திய மாநில உறவு பற்றித் தன் கோரிக்கையை வெளியிட்டது. அப்போது இங்கே நிதி மந்திரியாக இருந்த அசோக் மித்ரா, முன்பு டெல்லி நிதி அமைச்சகத்தில் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்தவர். உள்வீட்டுச் சங்கதி தெரிந்தவர் கேட்ட கேள்வி என்பதால் அதற்கு எடை இருந்தது. 1983இல் சர்க்காரியா கமிஷன் அமைந்தது. நாம் ஊரில் வரி கட்டுகிறோம், இங்கும் வரி கட்டுகிறோம். இரண்டு மாநிலத்தின் பங்கும் நம் பங்குதான்.

என்ன செய்யலாம்?

தோழர்களே, விஷயம் தெரிந்து வீட்டுக்குப் போனால் போதாது. மூன்று காரியம் சொல்கிறேன்.

ஒன்று. பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சங்க அறையில் பட்ஜெட் வாசிப்பு வைப்போம். ஆங்கிலமும் இந்தியும் படிக்கத் தெரிந்த கல்லூரிப் பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும். ரயில்வே, சிறுசேமிப்பு, பென்ஷன், உணவு மானியம் என்ற நாலு தலைப்பு போதும். சென்ற வருஷ எண்ணையும் இந்த வருஷ எண்ணையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவோம்.

இரண்டு. தாய்மார்களே, வீட்டில் இருக்கும் பாஸ்புத்தகம், சம்பளச் சீட்டு, பி.எப். சீட்டு மூன்றையும் ஒரு பையில் போட்டு வையுங்கள். ஆண்கள் தொலைத்துவிடுவார்கள். வட்டி ஏறியதா, பிடித்த பணம் கணக்கில் சேர்ந்ததா என்று வருஷம் ஒருமுறை சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். நாங்கள் பார்த்துத் தருகிறோம். தப்பு இருந்தால் எந்தக் கதவைத் தட்டவேண்டும் என்று இப்போது உங்களுக்கே தெரியும்.

மூன்று. மனு எழுதும்போது சரியான இலாகாவின் பெயரைப் போட்டு எழுதுவோம். மொட்டையாக மத்திய அரசு என்று எழுதிய மனு ஊர் சுற்றி வந்து குப்பையில் விழும். பஞ்சப்படிக்கு செலவினங்கள் இலாகா, சிறுசேமிப்புக்கு பொருளாதார விவகாரங்கள் இலாகா, பி.எப். வட்டிக்கு தொழிலாளர் அமைச்சகத்துக்கும் நிதி அமைச்சகத்துக்கும் இரண்டு நகல். ஒரு நகல் நம் தொகுதி எம்.பி.க்கு. வங்காளித் தோழர்களின் கையெழுத்தையும் சேர்த்து வாங்குவோம். பக்கத்து வீட்டு போஸ் பாபுவின் வட்டியும் நம் வட்டியும் ஒரே உத்தரவில்தான் குறைகிறது.

கஜானாவில் இருப்பது மந்திரியின் பணம் அல்ல, அதிகாரியின் பணமும் அல்ல. உப்புக்கு 1947 வரை வரி கட்டிய பாட்டன் பணம், தீப்பெட்டிக்கு வரி கட்டிய பாட்டி பணம், இன்று ரீசார்ஜுக்கு வரி கட்டும் பேரன் பணம். சொந்தப் பணத்துக்குக் கணக்குக் கேட்பது சண்டை ஆகாது. கேட்கக் கற்றுக்கொள்வோம், கூடிக் கேட்போம்.

 கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள், டீ வந்துவிட்டது, குடித்துக்கொண்டே பேசலாம்.